மூச்சு எனும் அமானிதம்

மனிதனுக்குத் தன்னைப் பற்றித் தெரியாத விடயங்கள் பல. முயன்றால் அவற்றுள் பெரும்பாலானவற்றை அவனே அறிந்துகொள்ளலாம். முதுகிலுள்ள மச்சத்தை இரண்டு கண்ணாடிகள் காட்டிவிடும். குரலை ஒலிப்பதிவு செய்து கேட்கலாம். ஆனால் தன் வாயின் வாசம் எத்தகையது என்பதை ஒருவன் தானே அறிவது கடினம். தொடர்ந்து நுகரும் எதையும் சிறிது நேரத்தில் உணராமல் விட்டுவிடுவது மூக்கின் இயல்பு. கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாடு மணப்பதில்லை. பிறந்தது முதல் கூடவே இருக்கும் சொந்த மூச்சு எப்படி மணக்கும்? எனவே என் மூச்சைப் பற்றிய அறிவு என்னிடம் இல்லை. என் அருகில் நிற்பவரிடம் இருக்கிறது.

எனக்குரிய ஒன்று பிறரிடம் இருக்குமானால் அதற்கு நமது வழக்கில் ஒரு பெயர் உண்டு. அமானிதம். அதை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். வேறொருவரிடம் கொடுப்பது மோசடி. கொடுக்காமல் தானே வைத்துக்கொள்வதும் மோசடிதான். வாய் நாற்றம் என்ற, எழுதக் கூசுகின்ற ஒரு விடயத்தில் இந்த அளவுகோலைப் பொருத்திப் பார்க்க விரும்புகிறேன். அடுத்தவர் வாய் மணக்கிறது என்று நமக்குத் தெரிந்தால் நமது கடமை என்ன? சொல்வதா, மறைப்பதா?

இக்கேள்வி எக்காலத்திலும் இருந்ததுதான். இப்போது அது கூர்மையாகியிருப்பதற்குக் காரணம் சீனி வருத்தம். 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வொன்றில் வயது வந்தவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அதற்கு முந்திய நிலையில் இருப்பவர்களையும் சேர்த்தால் ஐவரில் ஒருவர். நகர்ப்புறங்களில் வீதம் இன்னும் அதிகம். பின்னர் வந்த ஆய்வுகள் இதைவிடக் கூடிய கணக்குகளையே தந்திருக்கின்றன. ஆகவே ஜும்ஆவில் நாம் நிற்கும் ஒவ்வொரு ஸஃப்பிலும் குளிசையோடும் ஊசியோடும் வாழ்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த நோயும் அதற்கான மருந்துகளும் முதலில் தொடும் இடங்களில் ஒன்று வாய்.

நான் வசிக்கும் கிராண்ட்பாஸில் இது இன்னும் நெருக்கமான பிரச்சினை. களனி கங்கையைக் கடக்கும் பெரிய துறை என்ற பொருளில் போர்த்துக்கேயர் இட்ட பெயர் இது. இன்று கடப்பதற்குத் துறை இல்லை. நெரிசல் மட்டும் இருக்கிறது. ஒரு சுவரை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்ளும் தோட்டங்கள், இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டிய ஒழுங்கைகள், வெள்ளிக்கிழமைகளில் தோளோடு தோள் ஒட்டும் பள்ளிவாசல்கள். இங்கே ஒருவருடைய மூச்சு அவருக்கு மட்டும் சொந்தமில்லை.

*

வாயின் வாசம் பற்றி நமது மார்க்க மரபு பேசாமல் விடவில்லை. நாம் கூசுகின்ற அளவுக்கு நமது முன்னோர் கூசியதாகவும் தெரியவில்லை. இரண்டு வகையான வாசங்களை ஹதீஸ்களில் காண்கிறோம். ஒன்று பச்சை வெங்காயமும் உள்ளியும் உண்டவரின் வாசம். அவர் அந்த நிலையில் பள்ளிவாசலுக்கு வராமல் இருக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். மனிதருக்கு நோவினை தருவது மலக்குகளுக்கும் நோவினை தரும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மற்றது நோன்பாளியின் வாயிலிருந்து வரும் வாசம். அது அல்லாஹ்விடம் கஸ்தூரியைவிட மேலானது என்பதை அறியாத முஸ்லிம் இல்லை.

இந்த இரண்டாவது வாசத்தைப் பற்றி நமது அறிஞர்கள் நடத்திய விவாதம் சுவையானது. 13ஆம் நூற்றாண்டின் டமஸ்கஸில் இமாம் இப்னுஸ் ஸலாஹும் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாமும் இதில் கருத்து வேறுபட்டார்கள். கஸ்தூரியைவிட மேலான அந்த மணம் மறுமைக்குரியது என்றார் இஸ்ஸுத்தீன். இம்மைக்கும் மறுமைக்கும் உரியது என்றார் இப்னுஸ் ஸலாஹ். இன்னொரு கேள்வியும் இருந்தது. நோன்பாளி நண்பகலுக்குப் பிறகு மிஸ்வாக் செய்தால் அந்த மேலான வாசம் போய்விடாதா? நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்து, அப்போது மிஸ்வாக் செய்வது மக்ரூஹ் என்பது. அதே மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவியோ, மக்ரூஹ் இல்லை என்ற கருத்தின் பக்கமே தம் நூலொன்றில் சாய்ந்தார். அல்லாஹ்வுக்குப் பிடித்த வாசம் ஒரு பக்கம், அருகிலிருக்கும் மனிதனின் மூக்கு மறுபக்கம் என்று வைத்து அவர்கள் நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

வெங்காயம் மனிதன் தானே தெரிந்து உண்டது. எனவே அதில் அவனுக்குப் பொறுப்பு உண்டு. நோன்பின் வாசம் இபாதத்தின் விளைவு. எனவே அதில் கண்ணியம் உண்டு. மூன்றாவதாக ஒரு வாசம் இருக்கிறது. அது நோயிலிருந்தும் நோய்க்கான மருந்திலிருந்தும் வருவது. மனிதன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அது இபாதத்தும் இல்லை. சட்ட நூல்கள் இதையும் விட்டுவிடவில்லை. நாற்றம் நீங்காத வாயை உடையவரின் பேச்சு வெங்காயம் பற்றிய பாடத்தின் ஓரத்திலேயே வருகிறது. நீக்க முடியாத நாற்றம், ஜமாஅத்தில் கலந்துகொள்ளாமைக்கு ஏற்கத்தக்க காரணங்களுள் ஒன்று. திருமண ஒப்பந்தத்தை முறிப்பதற்கு வாய் நாற்றம் காரணமாகாது என்பதும் ஷாஃபிஈ சட்டம்.

சட்டம் இவ்வளவு மென்மையாக இருக்க, நமது பழக்கம் வேறாக இருக்கிறது. மூன்றாவது வாசத்தை நாம் முதலாவது வாசத்தைப் போலவே நடத்துகிறோம். வாய் மணப்பவரைக் கண்டால் 'பல் விளக்காதவர்', 'சுத்தம் தெரியாதவர்' என்று மனம் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறது. நமது மொழியும் அதற்குத் துணைபோகிறது. 'நாற்றம்' பழந்தமிழில் நறுமணத்தையே குறித்த சொல். இன்று அது வசைச்சொல். 'மணம்' எழுத்தில் இன்னும் நல்ல சொல்தான். ஆனால் நமது பேச்சில் 'மணக்குது' என்றால் மூக்கைப் பொத்துகிறோம். சொற்களே இப்படிக் கட்சி மாறும்போது, சொல்லப்பட்ட மனிதர் என்ன செய்வார்?

*

மருந்துகள் வாயில் என்ன செய்கின்றன என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். தெரிந்தால் தீர்ப்பு எழுதும் வேகம் குறையும்.

சீனி வருத்தத்துக்கு முதலில் எழுதிக் கொடுக்கப்படும் குளிசை மெட்ஃபோமின். ஐரோப்பாவின் ஒரு பூச்செடியிலிருந்த இரசாயனம் அதன் மூதாதை. 1957இல் பிரான்சில் ஜான் ஸ்டேர்ன் என்ற மருத்துவர் அதை நோயாளிகளில் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். இன்று நமது அரசாங்க ஆஸ்பத்திரிகளின் கிளினிக்குகளில் இலவசமாகக் கிடைக்கிறது. எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து. உமிழ்நீர்ச் சுரப்பிகள் இதை உள்ளிழுத்துத் தேக்கிக்கொள்கின்றன. அதனால் சிலருக்கு வாயில் எந்நேரமும் இரும்புத் துண்டொன்றைச் சப்புவது போன்ற சுவை இருந்துகொண்டிருக்கும். வயிறும் குழம்பும்.

அடுத்தது அண்மைக் காலத்தில் உலகமே பேசும் ஊசிகள். இவற்றின் கதை விசித்திரமானது. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கீலா என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில், மனிதக் குடலில் சுரக்கும் ஹோர்மோன் ஒன்றைப் போன்ற பொருள் இருப்பதை ஜோன் எங் என்ற மருத்துவர் 1992இல் அறிவித்தார். அதிலிருந்து உருவான மருந்து 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே வழியில் வந்தது செமாகுளுடைட். 2017இல் ஒஸெம்பிக் என்ற பெயரில் நீரிழிவுக்கும், 2021இல் வெகோவி என்ற பெயரில் உடல் எடைக் குறைப்புக்கும் அங்கே அனுமதிக்கப்பட்டது. மௌஞ்சாரோ 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. இவை இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கின்றன. உணவு நெடுநேரம் வயிற்றில் கிடக்கிறது. சிலருக்கு அழுகிய முட்டை போன்ற கந்தக வாசத்தோடு ஏப்பம் வருகிறது. சிலர் வாந்தி எடுக்கிறார்கள். வாந்தியோடு வரும் அமிலம் பற்களின் மேற்பூச்சை அரிக்கிறது. பசியோடு சேர்ந்து தாகமும் குறைவதால் தண்ணீர் குடிப்பது குறைகிறது. வாய் உலர்வதாகச் சொல்பவர்களும் உண்டு. ஒரு பல்லியின் உமிழ்நீரிலிருந்து பிறந்த மருந்து மனிதனின் உமிழ்நீரைக் குறைக்கிறது என்பது வேடிக்கைதான்.

உமிழ்நீரை நாம் மதிப்பதில்லை. வாயைக் கழுவிக்கொண்டே இருக்கும் ஊற்று அது. அது குறைந்தால் நாக்கின் பின்புறத்தில் வாழும் பக்டீரியாக்கள் பெருகி, உணவின் புரதங்களை உடைத்துக் கந்தக வாயுக்களை உண்டாக்கும். வாய் நாற்றத்தின் பெரும்பகுதி வயிற்றிலிருந்து வருவதில்லை. இங்கிருந்தே வருகிறது. இரத்தத்தில் சீனி கூடினாலும் வாய் உலரும். இரத்த அழுத்தத்துக்கான சில குளிசைகளாலும் உலரும். இரண்டு மூன்று நோய்களோடு வாழும் ஒருவரின் வாய் மணந்தால் அதற்கு எது காரணம் என்பதை ஒரு பார்வையில் சொல்ல முடியாது.

*

என் மாமா ஒருவருக்கு நடந்ததை இங்கே சொல்வது பொருத்தம். பழைய சோனகத் தெருவில் பலசரக்கு வியாபாரம் செய்தவர். வாயால் பிழைத்தவர் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சீனி வருத்தம் கண்டு சில ஆண்டுகளுக்குப் பிறகு அவரிடம் சில மாற்றங்களைக் குடும்பத்தார் கவனித்தோம். பேசும்போது கையை வாயருகே கொண்டுபோனார். சட்டைப் பையில் எந்நேரமும் கராம்பும் ஏலக்காயும் இருந்தன. முதல் ஸஃப்பில் நின்றவர் கடைசி ஸஃப்பின் ஓரத்துக்கு, கதவடிக்குப் போனார். பிந்தி வருகிறார் என்றே ஜமாஅத்தார் நினைத்தார்கள்.

கடையில் யாரோ இருவர் தமக்குள் சொல்லிச் சிரித்தது அவர் காதில் விழுந்திருக்கிறது. அவரிடம் நேரே யாரும் சொல்லவில்லை. குளிசைதான் காரணம் என்று அவராகவே முடிவு செய்து, இரண்டு குளிசை குடிக்க வேண்டிய இடத்தில் ஒன்றைக் குடிக்கத் தொடங்கினார். கலியாண நாட்களில் அதையும் விட்டார். கிளினிக் கொப்பியில் சீனியின் அளவு மாதா மாதம் ஏறியது. கிளினிக்கில் அவரை ஏசினார்கள், அளவைக் கூட்டி எழுதினார்கள். வாயைத் திறந்து காட்டும்படி எவரும் கேட்கவில்லை. பின்னொரு நாளில் அவர் என்னிடம் சொன்னது இது: "மருந்தக் குடிச்சா வாய் மணக்குது, உட்டா சீனி ஏறுது. நான் எத உடுற?"

அவருக்கு உண்மையைச் சொன்னவர் ஆமர் வீதியில் சலூன் வைத்திருந்த ஒரு தமிழர். தொழில் காரணமாக மனிதரின் முகத்துக்கு மிக அருகில் நிற்பவர். மற்ற வாடிக்கையாளர்கள் போன பிறகு, மீசையை நறுக்கிக்கொண்டே சொன்னாராம்: "ஹாஜியார், எங்கட அப்பாவுக்கும் சீனி. முரசு வீங்கி அவருக்கும் வாய் மணந்தது. அவர் குளிசையத்தான் ஏசிக்கொண்டிருந்தார். பல்லு டொக்டரிட்டக் காட்டின பிறகு சுகம். நீங்களும் ஒருக்காக் காட்டுங்க."

மாமா காட்டினார். முரசு முழுவதும் நோய். பல்லைச் சுற்றிக் காறை கட்டிச் சீழ் வைத்திருந்தது. சுத்தம் செய்து, மருந்து கொடுத்து, இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். சில வாரங்களில் வாசம் குறைந்தது. குளிசையை முறைப்படி குடித்ததில் சீனியும் இறங்கியது. குற்றம் முழுவதையும் அவர் குளிசையின் மேல் சுமத்தியிருந்தார். ஊரார் அவருடைய சுத்தத்தின் மேல் சுமத்தியிருந்தார்கள்.

அந்தச் சலூன்காரரின் பேச்சை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். தனிமையில் சொன்னார். தன் தகப்பனைக் கொண்டுவந்து மாமாவுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டுச் சொன்னார். நாற்றத்தோடு நிற்காமல் காரணத்தையும் போக வேண்டிய இடத்தையும் சேர்த்துச் சொன்னார். அமானிதத்தை ஒப்படைக்கும் முறைக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. முஃமின் முஃமினுக்குக் கண்ணாடி என்ற ஹதீஸை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். கண்ணாடி தன் முன்னே நிற்பவருக்கு மட்டுமே அவருடைய முகத்தைக் காட்டும். அவர் போன பிறகு அடுத்து வருபவரிடம் அதைப் பற்றிப் பேசாது. அந்தக் கண்ணாடியின் வேலையை அன்று செய்தவர் நமது ஜமாஅத்தைச் சேர்ந்தவரல்லர்.

*

முரசு நோய்க்கும் சீனி வருத்தத்துக்கும் உள்ள உறவு இருவழிப் பாதை. சீனி கூடினால் முரசு கெடும். முரசு கெட்டால் சீனியைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். நீரிழிவின் ஆறாவது பக்க விளைவு முரசு நோய் என்று 1993இல் எழுதியவர் நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ. இந்தப் பெயரை இலங்கையர் நாம் அறிந்திருக்க வேண்டும். அவருடைய புகழ்பெற்ற ஆய்வுகளில் ஒன்று நமது மலையகத்தில் நடந்தது.

1970இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரின் வாய்களை அவருடைய குழுவினர் பரிசோதித்தார்கள். எல்லோரும் ஆண்கள், இளைஞர்கள். அதற்கு முந்திய ஆண்டில் ஒஸ்லோவின் மாணவர்களிடமும் கல்வியாளர்களிடமும் இதேபோன்ற ஆய்வைத் தொடங்கியிருந்தார்கள். ஒரு பக்கம் உலகின் மிகச் சிறந்த பல் பராமரிப்பைப் பெற்றவர்கள். மறுபக்கம் பல் நோய்க்கான தடுப்போ சிகிச்சையோ எட்டாத நமது தோட்டத் தமிழர்கள். தீண்டப்படாமல் விட்டால் முரசு நோய் எப்படி வளரும் என்பதை அறிவதே நோக்கம். 1985 வரை பலமுறை பரிசோதனைகள் நடந்தன. 1986இல் வெளியான முடிவு இதுதான்: அவர்களில் 8 வீதமானோருக்கு நோய் வேகமாக முற்றியது. 81 வீதமானோருக்கு மிதமாக வளர்ந்தது. 11 வீதமானோருக்கு வெறும் முரசு வீக்கத்துக்கு அப்பால் நோய் செல்லவேயில்லை.

ஒரே வேலை, ஒரேவிதமான பராமரிப்பின்மை. ஆனாலும் சிலருடைய பற்கள் உதிர்ந்தன, சிலருடையவை உறுதியாக நின்றன. வாயைப் பார்த்து மனிதனின் ஒழுக்கத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டுமா? நமது மலையகத்து மனிதரின் வாய்களிலிருந்து கிடைத்த இந்த அறிவைப் பல் மருத்துவக் கல்லூரிகள் உலகெங்கும் கற்பிக்கின்றன. அதற்காக நன்றி சொல்லலாம். ஆயினும் அமானிதம் என்ற அளவுகோலைக் கையில் எடுத்த பிறகு ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு மனிதனின் வாயை 15 ஆண்டுகள் பார்த்துப் பெற்ற அறிவு முதலில் யாருக்குச் சொந்தம்? அந்த மனிதனுக்கா, உலகுக்கா? இக்கேள்வி லோ குழுவினருக்கு மட்டும் உரியதன்று. கிளினிக் கொப்பியில் எண்ணை எழுதிவிட்டு அடுத்தவரை அழைக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது.

*

'இதையெல்லாம் சொல்லி மனிதரை நோகடிப்பானேன்? மறைப்பதுதானே நமது மார்க்கத்தின் பண்பு?' என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். அவர் காட்டிய சான்று வலுவானது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பல்க் நகரில் வாழ்ந்த ஹாதிம் அல் அஸம் என்ற ஸூஃபி அறிஞரின் கதை. கேள்வி கேட்க வந்த ஒரு பெண்ணிடமிருந்து தற்செயலாக வாயு வெளியேறிவிட்டது. அவள் வெட்கத்தால் குன்றிப்போனாள். ஹாதிம் தமக்குக் காது கேட்காதவர் போலக் குரலை உயர்த்திப் பேசும்படி சொன்னார். அவள் மனம் ஆறியது. அதன் பிறகு அவர் செவிடராகவே நடந்துகொண்டதால் செவிடர் என்ற பெயரே அவருக்கு நிலைத்தது.

இக்கதை எனக்கும் மிகவும் பிடித்தது. ஆனால் அது எதற்குப் பொருந்தும் என்று பார்க்க வேண்டும். அந்த ஓசை அக்கணத்தோடு முடிந்தது. அந்தப் பெண் அறிய வேண்டிய செய்தி எதுவும் அதில் இருக்கவில்லை. நடந்ததை அவளே அறிவாள். மூச்சின் வாசம் அப்படியல்ல. அது தொடர்கிறது. உரியவர் அதை அறியார். சில வேளைகளில் அது உயிரைப் பற்றிய செய்தியாகவும் இருக்கும்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜோன் ரோலோ என்ற ஸ்கொட்லாந்து இராணுவ மருத்துவர் நீரிழிவு நோயாளியின் மூச்சில் அழுகும் அப்பிளின் வாசம் வருவதைக் குறித்து வைத்தார். அது அசிட்டோன். உடல் சீனியைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிக்கும்போது மூச்சில் வெளியேறுவது. நோன்பிருக்கும் உடலும் சிறிதளவில் கொழுப்பை எரிக்கிறது. ஆகவே நோன்பாளியின் மூச்சிலும் இதே பொருள் சிறிது இருக்கிறது. அது அளவு மீறி இரத்தம் அமிலமானால் உயிர் போகும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற குளிசைகளை இப்போது நம் நாட்டு வைத்தியர்களும் எழுதுகிறார்கள். சிறுநீர் வழியே சீனியை வெளியேற்றும் இவை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பயனுள்ளவை. ஆனால் அரிதாகச் சிலருக்கு இரத்தம் அமிலமாகும் இந்த ஆபத்தை உண்டாக்கலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2015 மே மாதத்தில் எச்சரித்தது. இதில் இரத்தச் சீனியின் அளவு மிக உயராமலே ஆபத்து வரலாம் என்பதுதான் பயங்கரம். வீட்டுக் கருவி எண்ணைப் பார்த்து 'பரவாயில்லை' என்று சொல்லும். பழவாசம் வீசும் மூச்சும், ஓங்காளமும், வயிற்று வலியும், வேகமாக இழுக்கும் மூச்சும் 'உடனே ஆஸ்பத்திரிக்குப் போ' என்று சொல்லும். அந்நேரத்தில் அருகிலிருப்பவர் ஹாதிமைப் போல நடந்தால் அந்தக் கண்ணியம் ஒரு மையித்தில் முடியக்கூடும்.

இன்னொரு வாதமும் உண்டு. நோய்க்காக ஊசி போடுபவர் பாவம், மெலிந்து அழகாகத் தெரிவதற்காகப் போடுபவருக்கு என்ன? அவர் தெரிந்து வெங்காயம் தின்றவர்தானே? கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவர் வலீமா விருந்தொன்றில் மூன்று கவளத்தோடு சஹனிலிருந்து கையை எடுத்தார். முகத்தைத் திருப்பி ஏப்பத்தை அடக்கப் பாடுபட்டார். சுற்றியிருந்தவர்கள் 'மாப்பிள்ளையாகப் போறீங்களோ' என்று கேலி செய்தார்கள். அவருடைய வைத்தியர் இதயத்துக்காக எடையைக் குறைக்கச் சொன்னாரா, அவரே ஆசைப்பட்டாரா என்று ஏப்பத்தின் வாசத்தைக் கொண்டு கண்டுபிடிக்க முடியுமா? பருத்தவரைப் பருமனுக்காகவும், மெலிய முயன்றால் முயற்சிக்காகவும் ஏளனம் செய்யும் ஒரு சபை, நிய்யத்தை விசாரிக்கும் தகுதியைத் தனக்கு எங்கிருந்து எடுத்துக்கொள்கிறது? சஹனில் ஐவரோ அறுவரோ ஒன்றாக அமர்வது ஒருவர் மூச்சை ஒருவர் பொறுத்துக்கொள்ளும் பயிற்சியும்கூட.

*

நாம் சொல்லாமல் விடும் இடத்தில் வியாபாரம் வந்து அமர்ந்துகொள்ளும். 1879இல் கிருமிகொல்லியாக உருவாக்கப்பட்ட லிஸ்டரின் என்ற திரவத்தை 1920களில் அமெரிக்காவில் வாய் கொப்பளிக்கும் மருந்தாக விற்றார்கள். அவ்விளம்பரங்கள் மக்களுக்குக் காட்டிய பயம் கிருமியைப் பற்றியதல்ல. உன் வாய் மணக்கிறது, உன் மிக நெருங்கிய நண்பர்கூட உன்னிடம் சொல்லமாட்டார் என்ற பயம். கலியாணம் தள்ளிப்போகும் பெண்ணின் படத்தைப் போட்டுப் போத்தலை விற்றார்கள். அது பலித்ததற்குக் காரணம் அது பாதி உண்மை. நண்பர்கள் சொல்வதில்லைதான். ஒப்படைக்கப்படாத அமானிதத்திலிருந்து ஒரு பெரும் வாணிபம் இலாபம் எடுத்தது.

ஆகவே என் முடிவு, சொல்ல வேண்டும் என்பதே. ஆனால் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வதற்கு இது அனுமதியல்ல. கடமைக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதற்கடமை மருந்தை எழுதுபவருக்கும் பாமசியில் அதை எடுத்துக் கொடுப்பவருக்கும். 'இது வாயை உலர வைக்கலாம், தண்ணீர் குடியுங்கள், பல் வைத்தியரிடம் காட்டுங்கள், என்ன நடந்தாலும் என்னைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்' என்று சொல்ல அரை நிமிடம் போதும். முன்கூட்டிச் சொல்லப்பட்ட நோயாளி வெட்கத்தில் குளிசையைப் பாதியாக்க மாட்டார். அடுத்தது வீட்டில் இருப்பவர்களின் கடமை. கணவன் மனைவியைக் குர்ஆன் ஆடைக்கு ஒப்பிடுகிறது. ஆடை மறைக்கும். அதே நேரம் உடலோடு ஒட்டியிருப்பதால் உடலின் நிலையை முதலில் அறிவதும் அதுவே. மற்ற எல்லோருக்கும் உள்ள கடமை, தனக்குக் கிடைத்த அறிவை மூன்றாமவரிடம் கொண்டுபோகாமல் இருப்பதும், ஸஃப்பில் பக்கத்து இடத்தை விட்டு விலகாமல் இருப்பதும். நீக்க முடியாத நாற்றத்தை ஏற்கத்தக்க காரணம் என்று சட்டம் சொல்வது அவர் வெட்கமின்றி வீட்டில் தொழுவதற்கான சலுகை. அவரைத் துரத்த நமக்குத் தரப்பட்ட அதிகாரம் அதில் இல்லை.

உமர் (ரழி) அவர்கள் இருந்த ஒரு சபையில் யாரிடமிருந்தோ வாயு பிரிந்த வாசம் வந்ததாகவும், அவர் எழுந்துபோய் வுழூச் செய்யட்டும் என்று உமர் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. அங்கிருந்த ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரழி), நாம் எல்லோருமே எழுந்து வுழூச் செய்தால் என்ன என்று கேட்டாராம். உமர் அவரைப் புகழ்ந்து பாராட்டினாராம். உண்மை நிறைவேறியது. தொழுகை காக்கப்பட்டது. ஒருவரும் தலை குனியவில்லை. ஹாதிம் மறைத்தார். சலூன்காரர் தனிமையில் சொன்னார். ஜரீர் காட்டியது மூன்றாவது வழி, ஒருவருக்கு உரியதை எல்லோருக்குமாகச் சொல்வது.

நமது பள்ளிவாசல்களுக்கு இந்த மூன்றாவது வழி இலகுவானது. ரமழானுக்கு முந்திய ஜும்ஆக்களில் ஸகாத்தைப் பற்றியும் கஞ்சிக்கு அரிசி தருவதைப் பற்றியும் அறிவிப்புச் செய்கிறோம். அவற்றோடு இரண்டு வசனங்களைச் சேர்க்கலாம். சீனி வருத்தத்துக்குக் குளிசை குடிப்பவர்களும் ஊசி போடுபவர்களும் நோன்புக்கு முன் வைத்தியரைச் சந்தித்து மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். வயது வந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை முரசையும் பல்லையும் காட்டுங்கள். எல்லோரையும் நோக்கிச் சொல்லப்படுவதால் யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கதவடியில் நிற்பவருக்கும் அது கேட்கும்.